அப்பாவின் காரவெல் பெட்டி: கட்டலாமா, கட்டினால் எப்படி?

உங்கள் அப்பா 1970களில் பாரிஸில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த காரவெல் கிட் (அந்தப் பெயருள்ள பிரெஞ்சு ஜெட் பயணி விமானத்தைப் பாகம் பாகமாக ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல், ஏர்ஃபிக்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் தயாரிப்பு), 1/144 அளவு, ஒரு பாகமும் கழற்றப்படாமல் புதுச்சேரி வீட்டுப் பரணில் கிடந்து இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. டிகால் தாள் (நீரில் நனைத்து விமானத்தில் ஒட்டும் எழுத்தும் சின்னமும் அச்சிட்ட தாள்) மஞ்சளாகிவிட்டது, ஒரு இறக்கை லேசாக வளைந்திருக்கிறது, இதுவரை நீங்கள் ஒரு கிட்டும் கட்டியதில்லை. எந்தப் பெயிண்ட் வாங்குவது, அப்பா மெட்ராஸிலிருந்து பறந்த இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல்லாக அதைக் கட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயிண்டில் தொடங்கிய கேள்வியின் நடுவே 'கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது' என்று ஒரு வரி வருகிறது. பதிலை அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். பெயிண்ட் கடைசியில் வரும் வேலை, அதை எவரும் கற்றுக்கொள்ளலாம்.

நான் அம்பத்தூரில் இருபத்திரண்டு வருடம் பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலில் இருந்தவன். கிட் கட்டும் பழக்கம் அதற்கும் முன்னால் வந்தது. காரவெல் மட்டும் இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். அதில் முதலாவது பாழானது, ஏன் என்று கீழே சொல்கிறேன். பிளாஸ்டிக் பற்றிச் சொல்வதைத் தொழில் அறிவோடு சொல்கிறேன். விமான வரலாற்றில் நான் வாசகன் மட்டுமே. உங்கள் பெட்டியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டலாமா என்றால், கட்டுங்கள். இந்த அச்சு 1960களில் வெட்டப்பட்டு, அதன்பின் பலமுறை திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டது. அதனால் பிளாஸ்டிக் அரிய பொருள் அல்ல. கெட்டுப்போனால் இதே அச்சில் வந்த இன்னொரு பெட்டியை இணையத்தில் தேடிப் பிடிக்க முடியும். திரும்பக் கிடைக்காதவை மூன்று: அந்த அட்டைப் பெட்டி, அதனுள் இருக்கும் செய்முறைத் தாள், டிகால் தாள். உங்கள் அப்பா கடையில் கையில் எடுத்துப் பார்த்தது பெட்டியின் மேலே இருக்கும் ஓவியத்தைத்தான். எனவே காகிதத்தைக் காப்பாற்றுங்கள், பிளாஸ்டிக்கைக் கட்டுங்கள். சேகரிப்பவர்கள் கட்டாத பழைய பெட்டிக்கு விலை கொடுப்பார்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் விற்க நினைப்பதாக உங்கள் கேள்வியில் எங்கும் தெரியவில்லை.

பெட்டி எந்தக் காலத்தது என்று தெரிந்துகொள்ள ஒரு குறிப்பு. காகிதச் சுருளில் எழுதியது போன்ற ஏர்ஃபிக்ஸ் சின்னம் இருந்தால் அது பழைய பெட்டி. வட்டமான சின்னம் 1970களில் வந்தது. பக்கவாட்டில் பிரான்சில் தயாரித்தது என்று அச்சிட்டிருந்தால் அது 1981க்குப் பிந்தையது. அந்த வருடம் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் ஏர்ஃபிக்ஸை வாங்கி, அச்சுகளைப் பிரான்சின் கலே நகருக்கு அனுப்பியது. 1986ல் ஹம்ப்ரோல் நிறுவனம் அதை வாங்கிய பிறகு அவை நார்மண்டியில் த்ரன் என்ற ஊரிலிருந்த, ஹெல்லர் என்ற பிரெஞ்சு கிட் நிறுவனத்தின் ஆலைக்குப் போயின. பிரெஞ்சு விமானத்துக்காக ஆங்கிலேயர் வெட்டிய அச்சு, கடைசியில் பிரான்சுக்கே போய் வார்க்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. ஹெல்லரும் தன் தொடக்க காலத்திலேயே 1/100 அளவில் ஒரு காரவெல் வெளியிட்டிருந்தது. அது இதைவிடப் பெரியது, இறக்கை நுனிக்கு நுனி 34 சென்டிமீட்டர் வரும். உங்களுடையது கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர். அளந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எதையும் வெட்டுவதற்கு முன்னால் டிகால் தாளையும் செய்முறைத் தாளையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். 600 டிபிஐக்குக் குறையாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் பிறகு அச்சிடும்போது அளவு தவறாது. மஞ்சளாகிப்போன டிகாலுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஜிப் பையில் போட்டு, படம் வெளிப்பக்கம் பார்க்க, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் வெளுக்கும். சில தாள்களில் கொஞ்சம் மஞ்சள் தங்கிவிடும், அதற்கு உத்தரவாதம் இல்லை. மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள், பைக்குள் ஈரம் கோத்துவிடும். மஞ்சள் போனாலும் டிகால் படலம் பிடிப்பை இழந்திருக்கலாம். தண்ணீரில் போட்டதும் நூறு துண்டாகச் சிதறிய டிகாலைக் கண்டவர்களுக்கு அந்த வலி தெரியும். ஓரத்தில் தேவையில்லாத ஒரு எழுத்தை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சிதறினால் மொத்தத் தாளுக்கும் பளபளப்பான கிளியர் லாக்கர் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொரு டிகாலையும் ஓரத்தை ஒட்டி வெட்டிப் பயன்படுத்த வேண்டும்.

பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். இது பாலிஸ்டைரீன். வெளிச்சம் படாத பெட்டிக்குள் இருந்தால் ஐம்பது வருடம் அதற்கு ஒன்றும் செய்யாது. அதற்கு எதிரிகள் வெயிலும் மென்மையான பிவிசியும்தான். போர்வை, தலையணை உறை வரும் வழவழப்பான பிவிசி பைக்குள் கிட்டை வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். அந்தப் பையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து ஸ்டைரீனை இளக்கிவிடும். சாதாரண பாலிதீன் கவர் ஆபத்தில்லாதது. வளைந்த இறக்கைக்கு, கை பொறுக்கிற அளவைவிடச் சற்றே கூடுதலான சூட்டில், அறுபது அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில், ஓரிரு நிமிடம் பிடித்து மெதுவாக எதிர்ப்பக்கம் வளைத்து, அப்படியே குளிர்ந்த நீரில் காட்டுங்கள். ஒரே தடவையில் நிமிராது, நாலைந்து தடவை செய்ய வேண்டும். கொதிக்கும் நீரை மட்டும் ஊற்ற வேண்டாம். ஸ்டைரீன் நூறு டிகிரியை ஒட்டி இளகிவிடும், அப்புறம் வளைவு போய் முறுக்கு வந்து சேரும். நிமிர்த்திய பிறகு எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் கழுவி நிழலில் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தெளிக்கும் வழுவழுப்பான பூச்சு பாகங்களில் மிச்சமிருக்கும். அதைக் கழுவாமல் அடித்த பெயிண்ட் டேப்போடு உரிந்து வரும்.

அடுத்தது, எந்தக் காரவெல்லைக் கட்டப்போகிறீர்கள் என்ற முடிவு. புதிதாகக் கட்டுபவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். நான் பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்வேன். காரவெல்லில் பல வகை உண்டு. அடிப்படை வகைகளான I, III, பிறகு VI எல்லாம் ஒரே உடல், 32 மீட்டர் நீளம். VI-லேயே இரண்டு உண்டு. VI-N என்பது பழைய தோற்றத்தையே வைத்துக்கொண்டது. VI-R என்பது அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் இருபது விமானம் வாங்கிய வகை, அதில் விமானி அறையின் ஜன்னல்கள் பெரியவை, என்ஜினில் எதிர்விசை அமைப்பும் உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் 1964 முதல் ஓட்டியது VI-N. எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: முடியும், உடலில் ஒன்றையும் மாற்றாமலே முடியும். கிட்டின் உருவம் ஏர் பிரான்சின் ஆரம்ப காலக் காரவெல், அதற்கும் VI-Nக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் மிகச் சொற்பம், இந்த அளவில் கண்ணுக்கே தெரியாது. நிறமும் டிகாலும் மாறினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிரான்சில் இருக்கும் உறவினரிடம் சொல்லி, துலூஸ் பக்கத்தில் பிளாஞ்ஞாக்கில் உள்ள ஏரோஸ்கோபியா அருங்காட்சியகத்துக் காரவெல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான், சக்கரக் குழி, ரிவெட் வரிசை, கதவு விளிம்பு இவற்றுக்கெல்லாம் உதவும். ஆனால் அங்கே நிற்பது ஏர் இன்டர் என்ற பிரெஞ்சு விமான நிறுவனத்தின் நிறத்தில் உள்ள காரவெல் 12. அது நீட்டிய உடல் கொண்டது, உங்களுடையதைவிட நான்கு மீட்டருக்கு மேல் நீளம். 1/144 அளவில் அதுவே மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். என்ஜினும் வேறு, என்ஜின் கூட்டின் உருவமும் வேறு. அதைப் பார்த்து ஜன்னல் எண்ணிக்கையைச் சரிபார்க்கப் போனால் கிட்டைத் தப்பு சொல்வீர்கள்.

காரவெல் என்றாலே என் கண் முதலில் போவது ஜன்னல்களுக்குத்தான். ஓரம் மழுங்கிய முக்கோணம், கூர்ப்பக்கம் மேலே, அகலம் கீழே. பயணி கீழே தரையைப் பார்க்கத்தான் விரும்புவார், வானத்தை அல்ல. ஆகவே திறப்பைச் சிறியதாக வைத்துக்கொண்டே கீழ்ப்பார்வையை அகலமாக்கியிருக்கிறார்கள். இந்த அளவுக்கு நிச்சயம். இணையத்தில் இதோடு சேர்த்து இன்னொரு கதையும் ஓடுகிறது. கோமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் பயணி விமானங்கள் 1954ல் சதுர ஜன்னல் மூலையில் விரிசல் விட்டு விழுந்தன, அதைப் பார்த்துப் பயந்துதான் பிரெஞ்சுக்காரர்கள் முக்கோணம் வைத்தார்கள் என்பது அந்தக் கதை. இதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். காரவெல்லின் முன்மாதிரிகளுக்கான ஒப்பந்தம் 1953லேயே ஆகிவிட்டது, கோமெட் விசாரணை முடிவுகள் வெளிவந்தது அதற்குப் பிறகு. அதோடு எல்பா தீவருகே விழுந்த கோமெட்டில் விரிசல் தொடங்கியது பயணிகள் ஜன்னலில் அல்ல, கூரையில் வானொலி ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில் என்று விசாரணையில் தெரிந்தது. கோமெட்டுக்கும் காரவெல்லுக்கும் உள்ள உண்மையான உறவு வேறு இடத்தில் இருக்கிறது. காரவெல்லின் மூக்கும் விமானி அறையும் கோமெட்டினுடையதே, கோமெட்டைச் செய்த டி ஹாவிலண்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மூக்குப் பகுதிக்கு நல்ல படம் கிடைக்காவிட்டால் கோமெட் படத்தைப் பாருங்கள், பெருமளவு பொருந்தும்.

இந்த ஜன்னல்களைக் கிட்டில் எப்படிச் செய்வது? பழைய கிட்களில் ஓட்டையாக விட்டு உள்ளே கண்ணாடிப் பட்டை ஒட்டச் சொல்வார்கள். 1/144 அளவில் அந்தப் பட்டை தடிமனாகத் தெரியும், பசை வழிந்தால் மங்கிவிடும், பிற்பாடு ஒன்று உள்ளே கழன்று விழுந்தால் எடுக்கவே முடியாது. என் பழக்கம், பட்டையை ஒட்டாமல் விட்டுவிடுவது. உடலின் உட்புறத்துக்குக் கறுப்பு அடித்து மூடி, பெயிண்ட், டிகால் எல்லாம் முடிந்த பிறகு, பல் குத்தும் குச்சி நுனியில் ஃபெவிகால் எடுத்து ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் சுற்றி இழுத்தால் சவ்வு போல மூடிக்கொள்ளும். பால் நிறத்தில் இருப்பது மறுநாள் கண்ணாடியாகிவிடும். சரியாக வராவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம், அதுதான் இதில் பெரிய வசதி. இன்ஸ்டன்ட் பசையைக் கண்ணாடிப் பாகம் எதன் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடியில் வெண்பூஞ்சை போல மூடும்.

இனி என் முதல் காரவெல் பாழான கதை. பின்னுடலின் இரு பக்கத்திலும் என்ஜின் வைத்த முதல் ஜெட் பயணி விமானம் இதுதான். பிரான்சின் சூட்-எஸ்ட் நிறுவனம் ஆரம்பத்தில் மூன்று என்ஜின் வைக்க யோசித்து, ரோல்ஸ்-ராய்ஸின் ஏவன் என்ஜின் போதுமான விசையோடு கிடைக்கும் என்று தெரிந்ததும் இரண்டாகக் குறைத்துப் பின்னால் வைத்தது. 1955 மே 27 அன்று துலூஸில் முதல் பறப்பு. இதனால் இறக்கை சுத்தமானது, கேபின் சத்தம் குறைந்தது. ஆனால் கிட் கட்டுபவருக்குத் தலைவலி வந்தது. எடை முழுவதும் பின்னால், சக்கரம் நடுவில். மூக்கில் எடை வைக்காமல் கட்டினால் விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். நான் தூண்டில் போடுபவர்கள் பயன்படுத்தும் ஈயக்குண்டுகளை மூக்கில் நிரப்பி மேலே வெள்ளைப் பசையை ஊற்றினேன். அழகாக நின்றது. மூன்றாவது வருடம் மூக்கின் அடியில் உடலின் இரு பாதிகளும் சேரும் தையல் தானாகப் பிளந்தது, உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. வெள்ளைப் பசையிலிருந்து வரும் அசெட்டிக் அமிலமும் காற்றும் சேர்ந்து ஈயத்தைத் தின்று, உப்பாக மாற்றி, அது பருத்து பிளாஸ்டிக்கைப் பிளந்திருக்கிறது. மோல்டிங் தொழிலில் இருந்தும் எனக்கு அது முன்கூட்டித் தெரியவில்லை.

அதனால் ஈயம் வேண்டாம். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகளை அரால்டைட்டில் பதித்து வையுங்கள். காரவெல்லின் உடல் குறுக்களவு 3.2 மீட்டர், கிட்டில் 22 மில்லிமீட்டர் வரும், குண்டுகள் தாராளமாக அடங்கும். எவ்வளவு எடை என்று இத்தனை கிராம் என்று சொல்வதைவிட, அளந்து பார்க்கும் வழியைச் சொல்கிறேன். ஒட்டுவதற்கு முன் உடல், இறக்கை, வால், என்ஜின் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்துக் கட்டுங்கள். முதன்மைச் சக்கரம் வரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன்மேல் விமானத்தை வையுங்கள். மூக்கின் மேல் ஒரு சின்னக் காகிதப் பையைத் தொங்கவிட்டு, முன்பக்கம் சாயும்வரை குண்டுகளைப் போட்டுக்கொண்டே வாருங்கள். சாய்ந்ததும் இன்னும் கால் பங்கு சேர்த்து, அதை அப்படியே விமானி அறைக்குக் கீழேயும் பின்னாலும் பதித்துவிடுங்கள். அந்தக் கால் பங்கை விடாதீர்கள், பெயிண்டும் இடைவெளியை நிரப்பும் புட்டியும் பின்பக்கம்தான் அதிகம் ஏறும். காரவெல்லுக்கு வாலின் அடியில் இறங்கும் படிக்கட்டு ஒன்று உண்டு. எடை போதவில்லை என்று பிற்பாடு தெரிந்தால், அந்தப் படியை இறக்கிய நிலையில் செய்து அதையே முட்டுக் கொடுக்கலாம். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

ஒட்டுவதற்கு, குழாயில் வரும் கெட்டிப் பசை வேண்டாம், பிரஷ்ஷோடு வரும் நீர்த்த ஸ்டைரீன் சிமென்ட் வாங்குங்கள். அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று இணைக்கிறது, வெல்டிங் மாதிரி. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, தையலில் பிரஷ்ஷைத் தொட்டால் தானே ஓடிப் பரவும். லேசாக அழுத்தும்போது தையல் நெடுகக் கரைந்த பிளாஸ்டிக் ஒரு நூல் அளவு பிதுங்க வேண்டும், அதைத் தொடாமல் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மறுநாளே தேய்த்தால் அன்று வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் பிளாஸ்டிக் பிறகு சுருங்கி, பெயிண்டுக்கு மேலே தையல் மறுபடி பள்ளமாகத் தெரியும். இதற்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், ஆவி நல்லதல்ல. வாலைச் சரியாக நிறுத்துவதில் கவனம் தேவை. காரவெல்லின் கிடைவால் செங்குத்து வாலின் நடுவில் சிலுவை போல நிற்கும், ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் எதிரிலிருந்து பார்த்தால் உடனே தெரியும். தீப்பெட்டிகளை அடுக்கி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள்.

புட்டிக்கு, கார் பெயிண்டர்கள் பயன்படுத்தும் என்.சி. புட்டி போதும், மெல்லியதாக. தேய்ப்பதற்கு உப்புத்தாள் வேண்டாம், வாட்டர் பேப்பர் 400, 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தொட்டு. இங்கேதான் பழைய கிட்டின் குணம் தெரியும். இதில் தகடு இணைப்புக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். தையலைத் தேய்க்கும்போது பக்கத்துக் கோடுகளும் போய்விடும். சிலர் உட்கார்ந்து எல்லாக் கோட்டையும் அழித்துப் பள்ளமாகப் புதிதாக வெட்டுவார்கள். முதல் கிட்டுக்கு அது தேவையில்லை, இந்த அளவில் எதற்குமே தேவையில்லை என்பது என் கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிட்டில் 0.1 மில்லிமீட்டர் மேடு என்றால் உண்மை விமானத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் மேடு. காரவெல்லின் உடலில் அப்படி எதுவும் கிடையாது. மிச்சமிருக்கும் கோடுகளையும் 1000 தாளால் தடவி மட்டப்படுத்திவிடுங்கள், பெயிண்டுக்குப் பின்னால் மங்கலான நிழலாகத் தெரிந்தால் அதுவே சரி.

தேய்க்கும் நேரத்தை இறக்கையின் பின்விளிம்புக்குச் செலவிடுங்கள். பழைய அச்சில் அது அரை மில்லிமீட்டராவது தடித்திருக்கும், உண்மை அளவில் ஏழு சென்டிமீட்டர். காரவெல்லின் அழகே அந்த இறக்கைதான். 1959 ஏப்ரலில் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்துக்கு மேலே உயரத்தில் என்ஜின் விசையை அடியோடு குறைத்துவிட்டு, பயணிகள் ஏறும் ஒரு ஜெட் விமானம் சறுக்கிக்கொண்டே திஜோன் நகரம் வரை போனது. அப்படிச் சறுக்கிய இறக்கையின் விளிம்பு கட்டையாக இருந்தால் மனது ஒப்பாது. மேல் கீழ்ப் பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே, உட்புறமாகப் பிளேடைச் சாய்த்துச் சுரண்டி மெலிதாக்கிக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு வெளியே தேய்த்தால் உருவம் கெடும்.

பெயிண்டுக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் காரவெல்லில் பொதுவாக உடலின் மேற்பாதி வெள்ளை, நடுவே நிறக்கோடு, கீழே பூசாத அலுமினியம். வெள்ளையை முதலில் அடித்து, மறைத்துவிட்டு, அலுமினியத்தைப் பிறகு அடியுங்கள். முழுவதும் ஸ்ப்ரே டப்பாவிலேயே செய்யலாம், பிரஷ் வேண்டாம். ஹார்டுவேர் கடையின் சில்வர் ஸ்ப்ரே பொடி பெரிதாக இருக்கும், இந்த அளவுக்கு மணல் தூவியது போலத் தெரியும். மாடலுக்கென்று விற்கும் அலுமினிய ஸ்ப்ரேவில் ஒரு டப்பா மட்டும் செலவழியுங்கள். எதையும் ஒரு பழைய தயிர் டப்பா மேல் அடித்துப் பார்த்த பிறகே விமானத்தில் அடியுங்கள். புதுச்சேரிக் கடற்காற்றில் ஈரம் அதிகம். மழை நாளிலோ அதிகாலையிலோ லாக்கர் அடித்தால் மேலே வெண்புகை படர்ந்தாற்போல மங்கும். பிப்ரவரி, மார்ச்சில் பத்து மணிக்கு மேல் அடியுங்கள்.

இந்தியன் ஏர்லைன்ஸ் டிகாலை இன்க்ஜெட் டிகால் தாளில் நீங்களே அச்சிடலாம். அச்சிட்டதும் கிளியர் லாக்கர் பூசாவிட்டால் தண்ணீரில் மை கரைந்துவிடும். பிரிண்டர் வெள்ளையை அச்சிடாது, ஆகவே வெள்ளை எழுத்து எங்கே வருகிறதோ அங்கே மட்டும் வெள்ளைத் தாளில் அச்சிட வேண்டும். நிறத்தைப் பற்றி என்னிடம் குறியீட்டு எண் கேட்காதீர்கள். அந்தக் காலத்து வண்ணப் படங்கள் எல்லாமே கொஞ்சம் நிறம் மாறியவை, ஒரே விமானம் ஒரு படத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். நிறுவனத்தின் வண்ணமும் வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது. தேதி தெரிந்த ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள், அதையே பின்பற்றுங்கள். உங்கள் அப்பா எந்த வருடம் பறந்தார் என்பது பழைய டிக்கெட்டிலோ பாஸ்போர்ட்டிலோ இருந்தால் அந்த வருடத்தைப் பிடியுங்கள்.

பதிவெண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். விடி-டிடபிள்யூஎன் என்ற காரவெல் 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பி, என்ஜின் பழுதாகி, தீப்பிடித்து விழுந்தது. 95 பேரும் இறந்தார்கள், நடிகை ராணி சந்திரா உட்பட. மெட்ராஸில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. வரலாற்றைப் பதிவு செய்ய ஒருவர் அந்த எண்ணையே எழுதினால் தவறு என்று சொல்ல மாட்டேன். வீட்டு ஷெல்ஃபில் அப்பாவின் நினைவாக நிற்கப்போகும் விமானத்துக்கு விடி-டிபிஎன் போல வேறொன்றை எழுதுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. இந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன், மலிவான ஏதாவது ஒரு 1/144 கிட்டை வாங்கி, முழுக்கக் கட்டி, பெயிண்ட் அடித்து முடியுங்கள். போர் விமானமோ, வேறெதுவோ, பரவாயில்லை. தையல், புட்டி, ஸ்ப்ரே மூன்றிலும் கை செய்யும் தவறுகளை அது வாங்கிக்கொள்ளும். இரண்டு மாதம் ஆகும், காரவெல் அதுவரை காத்திருக்கும். அதற்குள் டிகால் ஜன்னலில் வெளுக்கட்டும், இறக்கை நிமிரட்டும். இறக்கையை உடலோடு பசையில்லாமல் பொருத்திப் பார்க்கும்போது அடிப்பக்கம் இடைவெளி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள், படமும் போடுங்கள். என் மூன்றிலும் அந்த இடம் வெவ்வேறு விதமாக இருந்தது. பிளாஸ்டிக் துண்டு செருக வேண்டுமா, புட்டி போதுமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.